பேருந்துக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விடுங்கள்

வால்பாறை ஏறி, மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கும் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்து நண்பர்களுக்கு,

வணக்கம். பல்லடத்திலிருந்து எழுதுகிறேன். முழுப் பரீட்சை முடியப்போகிறது. இன்னும் சில வாரங்களில் நம் தெருக்களில் நிற்கும் வண்டிகளில் பாதி மலைப்பக்கம் திரும்பிவிடும். பொள்ளாச்சியில் காலை டிபன், ஆழியாறில் ஒரு நிறுத்தம், நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறையில் ஓர் இரவு, மறுநாள் மளுக்கப்பாறை தாண்டிக் காட்டுக்குள் இறங்கி அதிரப்பள்ளி அருவி. இரண்டே நாளில் போய்வந்துவிடலாம் என்பதால் நம் பக்கத்தில் பலருக்கு இது மனப்பாடமான பாதை. நானே ஏழெட்டு முறை போயிருக்கிறேன். சென்ற மாசியில் போனபோது அந்தக் காட்டுச் சாலையில் நடந்த ஒன்றைப் பார்த்தேன். அதிலிருந்து இதை உங்களுக்கு எழுதவேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது.

நான், மனைவி, பத்து வயது மகள், எழுபதைத் தாண்டிய அம்மா. நான்கு பேரும் எங்கள் பழைய காரில் கிளம்பினோம். ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் தடுப்புச்சுவரை ஒட்டி மேய்ந்துகொண்டிருந்தன. நம் மாநில விலங்கு என்று மகளுக்குச் சொன்னேன். அம்மா, "வெள்ளாடு மாதிரியே இருக்குது, என்ன, கொம்புதான் கட்டையா இருக்குது" என்றார்.

வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். அங்கே சிங்கவால் குரங்குகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரிய உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். சோலைமந்தி என்பதுதான் அதன் பழைய பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. காட்டில் மிஞ்சியிருப்பவை சுமார் நாலாயிரம்தான். மரத்துக்கு மரம் தாவியே வாழ்கிற உயிர் அது. தேயிலைக்காகக் காட்டைத் துண்டுதுண்டாக வெட்டிய பிறகு, ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தரையிறங்க வேண்டியதாகிவிட்டது. அதற்காகவே சாலைக்கு மேலே மரங்களுக்கு நடுவில் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

என் மகள் கண்ணாடியை இறக்கிவிட்டு பிஸ்கட்டை நீட்டினாள். நான் தடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே போனை எடுத்தேன். அப்போது தோட்டத்து வேலை முடிந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தபடியே காரருகில் வந்தார். "வேண்டாம் கண்ணு. குடுத்தா ரோட்டுக்கு வந்து பழகிரும். இந்த வளைவுலதான் ஒண்ணு குட்டியோட அடிபட்டுக் கெடந்துச்சு. குட்டி சாகல, அம்மா மேலயே படுத்துருந்துச்சு" என்றார். மகள் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவர் கோபப்படவில்லை, எங்களைத் திட்டவில்லை. அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த பிஸ்கட் பாக்கெட்டை மகள் பயணம் முடியும்வரை தொடவே இல்லை.

அன்று இரவு நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் வாசலில் நின்று தூரத்துச் சரிவில் மினுங்கிய ஒரு சிவப்பு விளக்கைக் காட்டினார். நான் அதுவரை அது ஏதோ செல்போன் கோபுரத்து விளக்கு என்றே நினைத்திருந்தேன். அந்த விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று பொருள். அதை எரியவிடுவது யார் தெரியுமா? அந்தந்த எஸ்டேட்டில் குடியிருப்பவர்களே. யானையைப் பார்த்தவர் தன் கைப்பேசியிலிருந்து அழைத்தால் விளக்கு எரியும். வேலை முடிந்து இருட்டில் நடந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து வேறு வழியாகப் போவார்கள். யானை நிற்கும் இடத்தைச் சொல்லித் தமிழில் குறுஞ்செய்தியும் வரும். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வனத்துறையோடும் தோட்டத்து மக்களோடும் சேர்ந்து இதைப் பல ஆண்டுகளாக நடத்துகிறார்கள். இதற்காக அவர்களில் ஒருவரான ஆனந்தகுமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. வால்பாறை மேட்டு நிலத்தில் ஊரும் காடும் பின்னிக் கிடக்கின்றன. ஒரே ஓடையில் யானையும் தண்ணீர் குடிக்கும், லைன் வீட்டுப் பெண்களும் துணி துவைப்பார்கள். ஆளுக்கு ஒரு நேரம். அந்த நேரக் கணக்கு அங்கிருப்பவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது.

மறுநாள் காலை மளுக்கப்பாறை. கேரளம் தொடங்கும் இடம். கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும், கடைக்குள் பேச்சு பாதிக்கு மேல் தமிழில் இருக்கும். தேயிலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறையாக அங்கே இருக்கின்றன. ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். பக்கத்து பெஞ்சில் ஓர் அம்மாளும் அவர் மகளும். மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. மலைக்குக் கீழே இருக்கும் சாலக்குடிக்கு டாக்டரிடம் காட்டப் போகிறார்கள். அந்த அம்மாளின் தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவராம். என் அம்மாவோடு ஐந்தே நிமிடத்தில் ஒட்டிக்கொண்டார். தூக்குப்போசியைத் திறந்து வேகவைத்த மரவள்ளிக்கிழங்கையும் காந்தாரி மிளகாய்ச் சட்னியையும் எங்கள் தட்டில் வைத்தார். "பிள்ளைக்குக் காரம் வேண்டாம், வெறுங்கிழங்கு தாறேன்" என்று மகளுக்குத் தனியாக எடுத்துக் கொடுத்தார். காசு கொடுக்கலாமா என்று என் கை சட்டைப்பைக்குப் போனதை அம்மா பார்த்து முறைத்தார். அம்மா தன் பையிலிருந்த நிலக்கடலை உருண்டைகளை அந்தப் பெண்ணின் மடியில் கட்டிவிட்டார். பேருந்து வந்தது. அவர்கள் ஏறிக்கொண்டார்கள். நாங்கள் சோதனைச் சாவடியில் வண்டியைக் காட்டி, நேரம் குறித்த சீட்டை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரத்தில் அதே பேருந்தைப் பிடித்துவிட்டோம்.

அந்தச் சாலையை ஒரு தடவை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். மளுக்கப்பாறையிலிருந்து, அதிரப்பள்ளிக்குச் சற்று முன்னால் வரும் வாழச்சால்வரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் காடு. இரண்டு பெரிய வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். ஒரு பக்கம் மலை ஏறுகிறது, மறுபக்கம் ஆற்றை நோக்கிச் சரிகிறது. யானைக்கும் அங்கே சமதரை என்று இருப்பது அந்தச் சாலைதான். ஓரத்தில் மூங்கில், கீழே தண்ணீர். சோலையாறு, பெரிங்கல்குத்து என்று அணைகள் கட்டி, பழைய வழிகள் தண்ணீருக்குள் போன பிறகு அவை சாலைக்கு வராமல் எங்கே போகும்? வழியில் ஓர் இடத்தின் பெயரே ஆனைக்கயம். நம் பழந்தமிழில் கயம் என்றால் ஆழமான நீர்நிலை, யானைக்கும் அதே பெயர் உண்டு. நாம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அது யாருடைய இடம் என்று அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வளைவில் பேருந்து நின்றது. நானும் நிறுத்தினேன். பேருந்தின் பின்பக்கத்துக்கும் என் கார் மூக்குக்கும் இடையில் ஓர் ஆள் நுழைந்து போகலாம், அவ்வளவு நெருக்கம். நம் ஊர் சிக்னலில் எப்படி நிற்போமோ அப்படி. என் பின்னால் ஒரு வண்டி, அதன் பின்னால் இன்னொன்று என்று ஆறேழு வண்டிகள் அதே மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. எல்லாமே நம் பக்கத்துப் பதிவெண்கள். கடைசியில் ஒரு பைக்.

மூங்கில் முறியும் சத்தம் கேட்டது, ஓலைவெடி மாதிரி படபடவென்று. ஈரமான வைக்கோல்போர் வாசம் வந்தது. பேருந்தின் இடப்பக்கமாக எட்டிப் பார்த்தால் முப்பது நாற்பது அடி தள்ளி சாலையின் நடுவில் இரண்டு பெண் யானைகள். கொஞ்சம் வளர்ந்த ஒன்று ஓரத்தில். ஒரு யானையின் காலுக்கு நடுவில் குட்டி. முதுகெல்லாம் செம்மண் அப்பியிருந்தது. குட்டி ஒரு புல் கொத்தைத் தும்பிக்கையால் சுற்றிப் பிடிக்கும், வாய்க்குக் கொண்டுபோவதற்குள் நழுவவிடும், மறுபடி குனிந்து அதே கொத்தைத் தேடும். மூன்று முறை அப்படிச் செய்தது. நான்காவது முறை தாய் அதே புல்லை எடுத்து அதன் வாயருகே கொண்டுபோயிற்று. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் யாரும் பேசவில்லை.

பேருந்தின் பின் கதவு மெதுவாகத் திறந்தது. நடத்துநர் இறங்கி, குனிந்தபடி என் ஜன்னலுக்கு வந்தார். காட்டில் வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியாதா? என்னால்தான் இறங்கினார். தாழ்ந்த குரலில், "சாரே, கொஞ்சம் பின்னாடி எடுங்க. ஆனை வந்தா எங்க டிரைவருக்குப் பின்னால போக இடமில்ல" என்றார்.

அந்த நொடிவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. முன்னால் யானை நிற்பதால் பேருந்து ஆபத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேருந்தின் ஆபத்து பின்னால் இருந்தது. அந்த ஆபத்தை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியவன் நான்.

2022 நவம்பரில் இதே தடத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஊர்க்காரர்கள் கபாலி என்று பெயர் வைத்திருக்கும் கொம்பன் யானை ஒரு தனியார் பேருந்தை எதிர்த்து வந்தது. அந்த ஓட்டுநர் நாற்பது பேர் அளவில் இருந்த பேருந்தைச் சுமார் எட்டு கிலோமீட்டர் பின்னோக்கியே ஓட்டினார். வளைவும் பள்ளமுமான அந்தச் சாலையில், எட்டு கிலோமீட்டர். யானை கடைசியில் காட்டுக்குள் இறங்கிப் போனது, யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த வீடியோவை நம் எல்லோர் போனிலும் பார்த்தோம். எப்பேர்ப்பட்ட ஓட்டுநர் என்று வியந்தோம். ஆனால் அத்தனை தூரம் பின்னால் போக வேண்டுமென்றால் பின்னால் வழி இருக்க வேண்டும் என்பதை நான் யோசித்ததே இல்லை. நீங்களும் யோசித்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் பின்னால் எடுக்கப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்றவர் நகரவில்லை. அவருக்கும் பின்னால் வண்டி. நடத்துநர் ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து குனிந்து போய்ச் சொன்னார். கடைசியில் இருந்த பைக்காரர் உள்ளூர் ஆள், எஸ்டேட்டில் வேலை. அவருக்கு யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பைக்கைத் திருப்பி, பின்னாலிருந்து வரும் வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்தப் போய்விட்டார். ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் நகர ஆரம்பித்தன. பேருந்துக்குப் பின்னால் முதல் முறையாக இடம் கிடைத்தது. பின் கண்ணாடி வழியாக அந்த டீக்கடை அம்மாள் என் அம்மாவைப் பார்த்துக் கையசைத்தார்.

அப்போதுதான் பைக்காரர் கைகாட்டியும் நிற்காமல் ஒரு பெரிய வெள்ளை வண்டி எல்லோரையும் தாண்டிக்கொண்டு வந்தது. மேற்கூரையைத் திறந்து இரண்டு பேர் இடுப்புவரை வெளியே. கையில் போன். பேருந்துக்கு இணையாக வந்து நின்று ஹார்ன் அடித்தார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

தாய் யானை திரும்பியது. காதுகள் இரண்டும் விரிந்தன, தலை உயர்ந்தது, பத்துப் பதினைந்து அடி வைத்து ஓடிவந்து நின்றது. பிளிறல் காரின் தகரத்திலேயே அதிர்ந்தது. குட்டி மற்ற யானையின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. வெள்ளை வண்டிக்காரர் பதறி ரிவர்ஸ் எடுத்தார், பின்னால் பார்க்கவே இல்லை. திரும்பிவந்து சாலையோரம் நின்றிருந்த பைக்காரர் மேல் மோதினார். பைக்குக்கும் பாறைக்கும் நடுவில் அவர் முழங்கால் சிக்கிக்கொண்டது.

அவர் கத்தவில்லை. கத்தினால் யானை மறுபடி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். என் மனைவி சொல்லித்தான் எனக்கே இது பிறகு புரிந்தது. வாயில் தன் சட்டைக் காலரைக் கவ்விக்கொண்டிருந்தாராம்.

மிரண்ட கூட்டம் லேசில் நகராது. குட்டியை நடுவில் வைத்து மூன்றும் சுற்றி நின்றுகொண்டன. அதுவரை அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது, இன்னும் கொஞ்சத்தில் அவை ஆற்றுப்பக்கம் இறங்கியிருக்கும் என்று ஓட்டுநர் பிறகு சொன்னார். ஹார்னுக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அத்தனை நேரமும் அடிபட்டவர் எங்கள் காரில் அம்மா மடியில் காலை வைத்துப் படுத்திருந்தார். அம்மா தன் சேலை முந்தானையைக் கிழித்துக் கட்டுப்போட்டிருந்தார். யானைகள் இறங்கியதும் வெள்ளை வண்டிக்காரர்கள் ஐந்நூறு ரூபாயை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். அவரைப் பேருந்தில் ஏற்றினோம். கடைசி இருக்கையைப் பயணிகள் அவருக்குக் காலிசெய்து கொடுத்தார்கள். பைக்கை இன்னொருவர் ஓட்டி வந்தார். அந்தக் கர்ப்பிணிப் பெண் சாலக்குடி போய்ச் சேரும்போது டாக்டர் பார்க்கும் நேரம் முடிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி அதே நீண்ட பயணம், அதே குலுக்கல்.

நண்பர்களே, நமக்கு அது ஒரு சுற்றுலாச் சாலை. அவர்களுக்கு அது ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் போகிற வழி. அரசுப் பேருந்தை அங்கே ஆனவண்டி என்பார்கள், அதன் சின்னத்தில் யானை இருப்பதால். அந்தப் பேருந்துகள் யானையோடு பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஓடுகின்றன. எந்த வளைவில் எந்த மாதத்தில் நிற்கும், எந்தக் கொம்பன் மதத்தில் இருக்கிறது, எது வெறுமனே மிரட்டும், எது நிஜமாகவே வரும் என்பதெல்லாம் ஓட்டுநர்களுக்கு அத்துப்படி. இடையில் புகுந்து அந்தப் பழக்கத்தைக் கெடுப்பது நாம்.

வாழச்சால் வந்து நின்றபோது அந்த ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அறியாம செஞ்சதுதானே, விடுங்க" என்றார். பிறகு டீ கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டே அவர் சொன்னதைத்தான் உங்களிடம் கேட்டுக்கொள்ளப் போகிறேன்.

பேருந்துக்குப் பின்னால் வரலாம், வருவது நல்லதும்கூட. ஆனால் இன்னும் ஐந்து பேருந்து நிற்கிற அளவு இடம் விட்டு வாருங்கள். நின்றாலும் அந்த இடம் அப்படியே இருக்க வேண்டும். நடுவில் இன்னொருவர் வந்து சொருகப் பார்த்தால் கைகாட்டி நிறுத்துங்கள். பேருந்தின் பின்விளக்கில் வெள்ளை எரிந்தால் அவர் பின்னால் வருகிறார் என்று அர்த்தம், உடனே நீங்களும் பின்னால் போங்கள். வரிசை நீண்டுவிட்டால் கடைசி வண்டி முதலில் நகர்ந்தால்தான் முதல் வண்டி நகர முடியும். ஆகவே கடைசியில் நிற்பவர் தன் பொறுப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். எதிர்த்தடத்தை அடைக்காதீர்கள். ஹார்ன், லைட் அடிப்பது, கத்துவது, இறங்குவது எதுவும் வேண்டாம். ரிவர்ஸ் எடுத்துப் பழக்கமில்லாதவர்கள் அந்தச் சாலைக்கு வண்டியை ஓட்டி வராமல் பேருந்திலேயே வந்துவிடுங்கள் என்றும் சொன்னார். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தால் காரில் தெரிவதைவிட உயரத்திலிருந்து காடு நன்றாகத் தெரியும் என்று ஆசையாகச் சொன்னார்.

உள்ளூர்க்காரர் யாராவது கைகாட்டினால் நில்லுங்கள். அவர் சீருடையில் இல்லாமல் இருக்கலாம், லுங்கியில் இருக்கலாம், பைக்கில் வந்த எஸ்டேட் தொழிலாளியாக இருக்கலாம். 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் வெளிநாட்டிலிருந்து வந்த முதியவர் ஒருவர், எச்சரிக்கையை மீறி யானை நின்ற இடத்தை மோட்டார் சைக்கிளில் கடக்கப் போய் உயிரிழந்தார். செய்தியைப் படித்தபோது மனசு கனத்தது. எவ்வளவோ தூரத்திலிருந்து இந்த மலையைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்.

பாட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடைந்த கண்ணாடி யானையின் உள்ளங்காலில் ஏறினால் அது சீழ்பிடித்து நடக்க முடியாமல் படுத்துவிடும். சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கவலையோடு விசாரித்த பிறகுதான் நீலகிரியில் 2022இல் காலி மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டுக்குள் பாட்டிலே வேண்டாம், அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

வாழச்சாலில் இன்னொருவரையும் சந்தித்தோம். காடர் பழங்குடிப் பெண், சாலையோரக் குப்பையைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அம்மாவின் கிழிந்த முந்தானையைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னோம். அவர் எங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரம் ஓர் ஆலமரத்தடிக்குப் போய் மேலே காட்டினார். பெரிய இருவாச்சி. மஞ்சள் அலகு, அதன் மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கொண்டை. பழுத்த பழங்களை ஒவ்வொன்றாக விழுங்கித் தொண்டைக்குள் சேர்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து பறந்தது. அந்தச் சிறகுச் சத்தத்தை எப்படி எழுதுவது? கொல்லன் துருத்தியை ஊதுவது போல ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு. மரங்களுக்கு அப்பால் மறைந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அது பெட்டைக்கு எடுத்துக்கொண்டு போகிறது என்றார் அவர். அந்த மாதங்களில் பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டிருக்கும். முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வளரும்வரை, நான்கு மாதம் போல, ஆண் கொண்டுவந்து ஊட்டுவதுதான் சாப்பாடு. ஆணுக்கு ஏதாவது ஆனால் உள்ளே இருப்பவை பட்டினி. கூடு எங்கே என்று மகள் கேட்டாள். "காட்ட மாட்டேன் மோளே" என்று அவள் தலையைத் தடவினார். "நீ நல்ல குட்டி. நீ பார்த்தா உன் பின்னால பத்துப் பேர் வரும்."

ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளை உணவுக்காக எடுத்துவந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்று கேரள வனத்துறையோடு சேர்ந்து கூடுகளைக் கண்டறிந்து காவல் காக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள நான்கு வகை இருவாச்சிகளும் பார்க்கக் கிடைக்கும் இடம் அந்த வாழச்சால், அதிரப்பள்ளிக் காடு. அங்குள்ள ஒன்பது பழங்குடிக் குடியிருப்புகளுக்கு 2014இல் வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமையும் கிடைத்திருக்கிறது. காடு அவர்களுடைய பொறுப்பு என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நாம் அங்கே போகிற விருந்தாளிகள். விருந்துக்குப் போன வீட்டில் இங்கே நில், அங்கே போகாதே என்று சொன்னால் கேட்டுக்கொள்வோம் இல்லையா?

இந்தப் பாதையைப் பற்றி வீடியோ போடுகிற தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் எடுத்துப் போடுவதைப் பார்த்துத்தான் எங்களைப் போன்றவர்கள் கிளம்புகிறோம். எங்கே நல்ல சாப்பாடு, எங்கே தங்கலாம் என்று சொல்கிற அதே வாயால், காட்டுக்குள் பேருந்துக்குப் பின்னால் எப்படி வர வேண்டும் என்பதையும் அரை நிமிடம் சொல்லுங்கள். யானைக்குப் பக்கத்தில் போய் எடுத்த காட்சியைப் போடாதீர்கள். அதற்குக் கிடைக்கும் பார்வைகள் எத்தனை லட்சமானாலும் சரி, அடுத்த வாரம் இன்னொரு வண்டி அதே இடத்தில் ஹார்ன் அடிக்கும்.

அடிபட்டவரிடம் போன வாரம் பேசினேன். முழங்காலில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. நாட்கூலி போயிற்று. மறுபடி எஸ்டேட் சரிவில் ஏறி இறங்க முடியுமா என்று அவருக்கே தெரியவில்லை. எங்கள் மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். அந்தக் குட்டி யானையைப் பிறகு இரண்டு தடவை ஆற்றோரம் பார்த்ததாகவும், இப்போது புல்லை நழுவவிடாமல் தின்கிறது என்றும் அவளிடம் சொல்லச் சொன்னார்.

டீக்கடை அம்மாளிடமும் அம்மா வாரம் ஒரு தடவை பேசிவிடுகிறார். மகளுக்கு ஆனியில் நாள் குறித்திருக்கிறார்கள். பழைய வேட்டியில் குழந்தைக்குத் துணி தைத்து வைத்திருக்கிறார் அம்மா. வலி கண்டால் காலையில் சாலக்குடி போகும் பேருந்துதான், இரவில் என்றால் ஜீப். அன்றைக்கு அந்தச் சாலையில் அவர்களுக்குப் பின்னால் நம் பக்கத்து வண்டி ஏதாவது வந்தால், கொஞ்சம் இடம் விட்டு வாருங்கள்.

அன்புடன்,
பல்லடத்திலிருந்து உங்களில் ஒருவன்